தாம்பாளத்தில் வடித்த கியர் ஆயில்

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் இப்போது கியர் மாற்றுவதில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டோம். இடது காலுக்கு வேலை இல்லை. கார் தானாக மாற்றிக்கொள்கிறது. போன மாதம் நம் பள்ளிக் குழுவில் ஒருத்தி, சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் வண்டி உதைக்கிறது என்று எழுதியிருந்தாள். பேட்டரியைப் பார், பெட்ரோல் பங்கை மாற்று, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு என்று வரிசையாகப் பதில்கள் வந்தன. நான் ஒன்றுதான் கேட்டேன்: கியர் பெட்டி ஆயிலை எப்போது மாற்றினாய்?

"அது மாத்தவே வேணாமாம். ஆயுசுக்கும் வருமாம். சர்வீஸ்ல சொன்னாங்க" என்று எழுதினாள். யாருடைய ஆயுசு என்று கேட்க நினைத்து, எங்கள் இருவர் வயதையும் எண்ணி விட்டுவிட்டேன்.

ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குள் ஓடும் ஆயில் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். உள்ளே தேயாமல் வழுக்கிக் கொடுப்பதும், சூட்டை வாங்கிக்கொள்வதும், தன் அழுத்தத்தால் கியரை மாற்றுவதும் அதுதான். நாள்பட்டால் பழுப்பாகும். தீய்ந்த வாடை வந்தால் உள்ளே எதுவோ தேய்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியில் ரோஸ் மில்க் போல வெளிறி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதன் பிறகு அதை ஓட்டாமல் இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில் ஆகாது, வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதையே ஊற்ற வேண்டும். இவ்வளவையும் எழுதிப் போட்டேன். "உனக்கு எப்படிடீ இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல ஒரு குழுச் செய்தி போதாது.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை பெரிதாகிக்கொண்டிருந்த காலம். அப்பா இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்த்தார். அவர் சட்டையை உதறினால் நுண்ணிய கறுப்புத் தூசி விழும். அம்மா அதைக் காந்தம் கட்டிய குச்சியால் வாரி எடுத்து எங்களுக்கு வேடிக்கை காட்டுவாள். பெரியப்பாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர்த் தண்டு. முன்னால் ஒரே நீளமான சீட்டு. ரயில் நிலையத்தில் இறங்கும் கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவதும், திருவள்ளூருக்கும் மீஞ்சூருக்கும் சவாரி போவதும் அவர் தொழில். வெளிர் நீலம். பின் சீட்டின் ரெக்சின் வெயிலில் காய்ந்தால் தொடையில் ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் பிளாஸ்திரி பிரிப்பது போலச் சத்தம் வரும்.

அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா அங்கிருந்து ஆந்திர எல்லை வரை ஜீப்பில் ஆள் ஏற்றியவர். அத்தை அவரிடமே ஓட்டக் கற்று லைசென்ஸும் எடுத்திருந்தாள். பிறகு மாமா இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். ஜீப் அந்த வீட்டு வாசலுக்குப் போனது. அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடும் அந்த லைசென்ஸோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே அம்பாசிடரைச் சுற்றி நடந்து டயரை உதைத்துப் பார்த்து, "நைனா, ஜீப்பு மாதிரி இல்ல, இது எருமை" என்றாள். பெரியவர் சிறியவர் என்று பார்க்காமல் எல்லோரையும் நைனா என்பது அவள் பள்ளிப்பட்டிலிருந்து கொண்டுவந்த இன்னொரு சொத்து.

பள்ளிப்பட்டிலிருந்து அடிக்கடி ஆள் வந்தது. திரும்பி வந்து அனுசரித்து இரு என்பது செய்தி. போகலாம் என்பது பெரியப்பாவின் கட்சி. அம்மாவும் அதே கட்சி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அத்தை போகமாட்டேன் என்றாள். போகாமல் இருக்க அவளுக்கு ஒரு வேலை வேண்டும்.

அந்த வேலை எங்கள் வாசலுக்கே வந்தது. ஒயர் பின்னும் கம்பெனி ஒன்று எளாவூர், சுண்ணாம்புக்குளம் பக்கத்துப் பெண்களை நிறைய எடுத்திருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை விடும். மழைக்காலத்தில் அதற்குள் இருட்டிவிடும். ஏரிக்கரை ஊர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் யோசித்தார்கள். பெண் டிரைவர் ஓட்டும் வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுவதென்றால் அனுப்புகிறோம் என்றார்கள். கம்பெனி பெரியப்பாவைக் கேட்டது. தீபாவளி கழிந்ததும் தொடங்க வேண்டும்.

பெரியப்பா மோவாயைத் தடவிக்கொண்டு, "அதுவரைக்கும் காலைல ஸ்டேஷன் டிரிப்ப ஓட்டிக் காட்டு. வண்டில ஒரு கீறல் வுழுந்துச்சு, சொல்ட்டேன், சாவிய வாங்கிடுவேன்" என்றார்.

"கீறல் உங்க கண்ணுல தாண்ணா கீது" என்றாள் அத்தை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நம் ஊரில் வண்டிகளை எங்கே கழுவுவார்கள் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஏரியில். லாரி, டிராக்டர், மாட்டு வண்டி, கார் எல்லாம் கரையிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். சக்கரம் முழுகினால்தான் கழுவியதாகக் கணக்கு. எவ்வளவு ஆழம் இறக்கினான் என்பதில் டிரைவர்களுக்குள் ஒரு போட்டி. பெரியப்பா அன்று திருவள்ளூர் சவாரி முடித்து, வீட்டுப் பக்கம்கூட வராமல் வந்த சூட்டோடு ஏரிக்கு விட்டார். முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. நாங்கள் கைதட்டினோம். தொடை வரை தண்ணீரில் நின்றுகொண்டு தேங்காய் நாரோடு தயாராக இருந்த அத்தை, "இன்னும் உள்ள வுடுங்கண்ணா! கதவு நனையட்டும்!" என்று கத்தினாள். பெரியப்பா விட்டார். கதவின் அடியில் தண்ணீர் புகுந்து, கால் வைக்கும் ரப்பர் மிதியடி உள்ளே மிதந்தது. அதைப் பார்த்து அவர்கள் இருவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த வருடம் அவர்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

கழுவி முடித்ததும் லாரிக்காரர்கள் சேர்ந்து தள்ளிக் கரையேற்றினார்கள். மறுநாள் சந்தனம், குங்குமம், பம்பரில் வாழைக்கன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். நசுங்கிய பூசணிக்காயின் வாடை தெருவில் இரண்டு நாள் நின்றது.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. அத்தை காலைச் சவாரிக்கு ஓட்டத் தொடங்கினாள். பள்ளிக்கு என்னை இறக்கிவிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போவாள். முதல் நாட்களில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஓர் ஊளை கேட்க ஆரம்பித்தது. வேகம் கூடினால் அதுவும் கூடும். அடுத்து, இரண்டாவது கியர் போடும்போது கரகரவென்று பல் அரைக்கும் சத்தம். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு கிளட்ச்சை இன்னும் ஆழமாக மிதிப்பாள். சத்தம் போகாது. தெருமுனை டீக்கடையில் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டி, "வருதுப்பா மாவு மில்லு" என்று சிரித்தார்கள்.

ஒரு நாள் ரயில்வே கேட் அருகே கியர் எதிலும் விழாமல் வண்டி நின்றுபோனது. பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்ப, பெரியப்பா சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஜன்னலுக்குள் கையை நீட்டி, "எறங்கு" என்றார்.

"ண்ணா, கிளட்ச்ச முழுசா மிதிச்சுதான் போட்டேன்."

"பொம்பள கைல குடுத்தா இப்டித்தான். கியர் இன்னா தோசக் கரண்டியா? பல்ல ஒட்ச்சி வெச்சிக்கினு பேசறா பாரு."

அத்தை இறங்கினாள். சாவி பெரியப்பாவின் வேட்டி மடிப்புக்குள் போனது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நெடுஞ்சாலையோர மெக்கானிக் ஷெட்டில் விட்டார்கள். மழையால் மெக்கானிக் ஆட்கள் வரவில்லை. வண்டி சில நாட்கள் அங்கேயே அசையாமல் நின்றது. தீபாவளிக்குப் பலகாரம் செய்ய மாவு இடித்துக்கொண்டிருந்தபோது அம்மா, அத்தையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அவரும் எத்தினி நாளு ஆள் அனுப்புவாரு? பண்டிக முடிஞ்சதும் போய் ஒரு நட பாத்துட்டு வாயேன்." போய்விட்டு வா என்று சொன்னாலும், வா என்ற சொல் அங்கே ஒப்புக்குத்தான் இருந்தது என்று இன்று புரிகிறது. அம்மா கெட்டவள் அல்ல. சத்தம் கேட்டது, ஓட்டியவள் அத்தை. ஊரே போட்ட கணக்கைத்தான் அவளும் போட்டாள்.

மெக்கானிக் வண்டியைப் பார்க்கும் நாள் சனிக்கிழமையாக அமைந்தது, பள்ளி இல்லை. பெரியப்பா கிளம்பும்போது அத்தையும் செருப்பு மாட்டினாள். நானும் பின்னாலேயே போனேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, கியர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, சுண்டு விரலை உள்ளே விட்டார். ஓட்டையின் விளிம்பு வரை ஆயில் இருந்தால் அளவு சரி. அவர் விரலை வெளியே எடுத்து, அதைப் பார்க்காமலே லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"ஆயிலு ஃபுல்லா கீதுபா. அப்ப ஆயில்ல கோளாறு இல்ல. பல்லுதான் போய்க்கீது. பொட்டிய எறக்கணும்."

"நான் சொல்லல?" என்று பெரியப்பா திரும்பினார். "தீபாவளி முடிஞ்சதும் நீ பள்ளிப்பட்டு பஸ் ஏர்ற. அவ்ளோதான்."

அத்தை மெக்கானிக்கின் காலடியில் குந்தினாள். "நைனா, ஒண்ணு கேக்கறேன். பல்லு ஒடஞ்சா ஒடஞ்ச துண்டு எங்க போவும்?"

"எங்க போவும், பொட்டிக்குள்ளதான் கெடக்கும்."

"ஆயில வடிச்சா வருமா?"

"சின்னது வரும். பெர்சு அடில நிக்கும். காந்தம் வுட்டா ஒட்டும்."

"அப்ப பொட்டிய எறக்கறதுக்கு முன்ன ஆயில வடி. பள்ளத்துல வடிக்காத. எல்லாரும் பாக்கற மாதிரி வடி. ஒரே ஒரு துண்டு வந்துச்சுன்னா," என்று எழுந்து பெரியப்பாவைப் பார்த்தாள், "தீபாவளி வரிக்கும் எதுக்குண்ணா, இன்னிக்கே பஸ் ஏறிடறேன். நீங்களே வந்து ஏத்தி வுடுங்க."

ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். மெக்கானிக் ஒரு பழைய தகரத்தைத் தேடி எடுத்தார். அதில் ஏற்கெனவே இரும்புத் தூள் அப்பிக் கிடந்தது. "இது வேணாம். அப்பறம் இதுல இருந்ததயும் என் தலைல கட்டுவீங்க" என்று சொல்லிவிட்டு அத்தை விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். திரும்பி வந்தபோது கையில் அம்மாவின் எவர்சில்வர் தாம்பாளம் இருந்தது. அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த சீர். விளிம்பில் அன்னம் பொறித்தது. வெற்றிலை பாக்குக்கு மட்டும் வெளியே வருவது. பின்னாலேயே அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"அடியே, அதயா? அது வெத்தல தட்டுடி, அதுல போயி..."

"இருங்க அண்ணி. உங்க தட்டுல வுழுந்தா உங்களுக்கும் தெரிஞ்சிடும்ல."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

மெக்கானிக் தாம்பாளத்தை வண்டிக்கு அடியில் தள்ளி, கியர் பெட்டியின் அடிமூடியைத் திருகினார். கியர் ஆயிலின் வாடை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: அழுகிய வெங்காயமும் கந்தகமும் கலந்தது. அதை எதிர்பார்த்து நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். மூடி கழன்றது. ஆயில் வரவில்லை. தண்ணீர் வந்தது. கலங்கலான தண்ணீர், குழாயிலிருந்து வருவது போல மெல்லிய நூலாகத் தாம்பாளத்தில் விழுந்து டங்கென்று ஒலித்தது. பிறகு நூல் தடித்தது, நிறம் மாறியது. பால் அதிகம் ஊற்றிய டீயின் நிறம். நுரையோடு, கனமாக, தாம்பாளத்து அன்னங்களை மூடிக்கொண்டு பரவியது.

மெக்கானிக் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அந்தப் பால் டீக்குள் விட்டு மெதுவாகச் சுற்றினார். எடுத்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பூச்சு மட்டும் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். அடிமூடி வழியாகவும் கம்பியில் காந்தத்தைக் கட்டி உள்ளே விட்டுத் துழாவினார். மறுபடியும் அதே மை.

"இது தேய்மான மாவு. எல்லா வண்டிலயும் வர்றதுதான்" என்றார். "பல்லு நல்லாத்தான் கீது."

"அப்ப தண்ணி ஏது? ஆயில் கடக்காரன் கலப்படம் பண்ணிட்டானா?" என்றார் பெரியப்பா.

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்தார். இந்த முறை துடைப்பதற்கு முன் விரலை ஒரு கணம் பார்த்தார். "ஏண்டா, பூஜைக்கு ஏரில எறக்கினியா?"

"எல்லாரும்தான் எறக்கினாங்க."

"வண்டி சூடா இருந்துச்சா?"

பெரியப்பா வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "திருவள்ளூர் போய்ட்டு நேரா வந்தாங்க. புஸ்ஸுனு பொகை வந்துச்சு" என்று நான்தான் சொன்னேன்.

"அதான் பேஜாரு. பொட்டிக்கு மேல மூச்சு வுட ஒரு சின்ன ஓட்ட கீது. உள்ள காத்து சூடா இருக்கும். சில்லுனு தண்ணில வுட்டா காத்து சுருங்கும். சுருங்கினா ஓட்ட வழியா எதுனா இழுக்கும்ல? சுத்தி தண்ணிதான் இருந்துச்சு, அத இழுத்துக்கிச்சு. ஆயிலு ஃபுல்லா தெரிஞ்சதும் அதனாலதான். பாதி ஏரி உள்ள கீது." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நானும் வெரல சரியா பாக்கல" என்றார்.

இப்போது எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் முகம் சிறுத்துப்போனது. அந்த நேரத்தில் அத்தை நினைத்திருந்தால் டீக்கடை வரை கேட்கும்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது இதுதான்: "அண்ணன் மட்டும் இல்ல நைனா. இன்னும் உள்ள வுடுங்கன்னு கத்துனதே நான்தான். ஏரில பாதி என்னுது."

ஷெட்டில் முதலில் சிரித்தது பெரியப்பாதான் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எத்தனையோ பேரை எத்தனையோ இடங்களில் கவனித்து எழுதியிருக்கிறேன். ஜெயித்த இடத்தில் எதிராளிக்கு உட்கார இடம் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. அந்தச் சிலரில் என் அத்தை முதல் ஆள்.

பெட்டியை இறக்கத் தேவைப்படவில்லை. கெட்ட ஆயில் முழுவதும் சொட்டி முடியும்வரை காத்திருந்தார்கள். பிறகு புது ஆயிலைக் கொஞ்சமாக ஊற்றி, சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி வண்டியை ஓடவிட்டு, சூட்டோடு வடித்தார்கள். வெளிறித்தான் வந்தது. மறுபடி ஊற்றி, மறுபடி வடித்தார்கள். வருவது தேன் நிறத்தில், பின்னால் பிடித்த விரல் தெரியும்படி தெளியும்வரை அத்தை நகரவில்லை. கடைசியாக அளவு பார்க்கும்போது மெக்கானிக்கை நகரச் சொல்லிவிட்டு, சேலையைப் பாவாடையோடு சேர்த்துச் செருகிக்கொண்டு அவளே வண்டிக்கு அடியில் போனாள். அதன் பிறகு அந்த வண்டி இருந்தவரை மாதம் ஒருமுறை அவள் விரல் அங்கே போகும். அளவைப் பார்ப்பாள், நிறத்தைப் பார்ப்பாள், முகர்ந்தும் பார்ப்பாள்.

தாம்பாளத்தை அம்மா புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சைத் தோலால் தேய்த்தாள். வாடை போகவில்லை. வெற்றிலைக்கு அது மீண்டும் வரவே இல்லை; மெக்கானிக் ஷெட்டுக்கே போய்விட்டது. அம்மா அதற்காக அத்தையைத் திட்டியதாக எனக்கு நினைவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து அடுத்த ஆள் வந்தபோது கதவைத் திறந்து பதில் சொல்லி அனுப்பியதும் அம்மாதான். "அவளுக்கு இங்க வேல கீது" என்றாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை கம்பெனி சவாரி தொடங்கியது. முதல் நாள் துணைக்கு வருகிறேன் என்று பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டு முன் சீட்டில் ஜன்னலோரம் ஏறிக்கொண்டார். புது வண்டி பார்ப்பது போல நானும் ஏறினேன். தூறல். கம்பெனி வாசலில் விளக்கு எரிந்தது. பெண்கள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து, டிரைவர் சீட்டில் இருந்த அத்தையை எட்டிப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஏறினார்கள். "அக்கா, நெஜமாவே நீதான் ஓட்டப் போறியா?" "இல்ல, சும்மா குந்திக்கினு கீறேன், வண்டி தானா போவும்." என்னை ஒருத்தி மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் சேலையில் கருவாட்டு வாடையும் புது ஒயரின் பிளாஸ்டிக் வாடையும் சேர்ந்து அடித்தன.

கதவை மூடியபோது கேட்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். சுண்ணாம்புக்குளத்துக்காரி, அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவள். கார் நிறைந்திருப்பதைப் பார்த்து மழையில் நின்றாள். அந்தப் பக்கம் போகும் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. உள்ளே எல்லோரும் நெருங்கி உட்கார்ந்து பார்த்தார்கள், இடம் கிடைக்கவில்லை.

பெரியப்பா கதவைத் திறந்து இறங்கினார்.

"ஏறும்மா."

அந்தப் பெண் தயங்கினாள். "நீங்க வரலியா? கூட பெரியவங்க வருவாங்கன்னு சொன்னாங்களே."

"பெரியவங்க எதுக்கு? ஓட்டறது என் தங்கச்சி" என்றார். அவள் ஏறியதும் கதவை வெளியிலிருந்து அழுத்திச் சாத்தி, பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கூரையில் இரண்டு தட்டு தட்டினார். டிரைவர்கள் ஒருவருக்கொருவர் 'போகலாம்' என்று சொல்லும் தட்டு.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் சாலையில் இருந்தது. மடியில் இருந்தவாறே நான்தான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸுக்காக மரத்தடியில் ஒதுங்கி நின்றவர்களோடு பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். வெள்ளைச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தொட்டுத் திருப்பி, கையை நீட்டி எங்கள் காரைக் காட்டி, நாங்கள் வளைவில் திரும்பும்வரை எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார்.